மூன்று பாயிண்ட்டில் ஒரு விரிசல்

அந்தப் பொறியியல் கல்லூரியில் கரும்பலகைகளைக் கழற்றி எடுத்துப் போன அன்று, அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் கட்டுமானத் துறை ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'. "பாலம் நிற்குது, சரி. ஏன் நிற்குது?" என்று தொடங்குவார். பதில் சொன்னால், "அது ஏன்?" என்பார். அந்தப் பதிலுக்கும் ஒரு 'ஏன்' வைத்திருப்பார். கடைசியில் பையன் அழுகிற நிலைக்கு வரும்போது, "இப்பதான் யோசிக்க ஆரம்பிச்சிருக்கே, உட்காரு" என்பார். வீட்டிலும் இந்தக் குணம் உண்டு என்று அவருடைய மனைவி சொல்லக் கேள்வி.

பலகைகளைக் கழற்றச் சொன்னவர் புதிய இயக்குநர். மெத்தை விற்கும் நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்துவிட்டு, கல்விக்குத் தொண்டாற்ற வந்தவர். பொறுப்பேற்ற நாளில் ஆசிரியர்களை எல்லாம் கூட்டி அவர் பேசிய பேச்சு ஏன் சாருக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"மெத்தை வாங்க வர்றவன் உள்ளே என்ன பஞ்சு இருக்குன்னு கிழிச்சா பார்க்கிறான்? படுத்துப் பார்க்கிறான், பிடிச்சா வாங்குறான். பாடமும் அப்படித்தான் இருக்கணும். மாணவன் சுகமாச் சாயணும். இனிமே இந்தக் கல்லூரியில எல்லாப் பாடமும் ஸ்லைடுலதான். ஒரு ஸ்லைடுக்கு மூணு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு மூணு வார்த்தை. அதுக்கு மேல போனா மூளைக்குப் பாரம்."

மாணவர்கள் சுகமாகச் சாய்வார்கள் என்று அவர் சொன்னது பலித்தது. விளக்கை அணைத்துத் திரையைப் போட்டால், குளிரூட்டிய அரங்கில் பாதி வகுப்பு அடுத்த நிமிடமே கண்ணயர்ந்தது. மீதிப் பாதி கைப்பேசியை உயர்த்தி ஸ்லைடைப் படம் பிடித்துக்கொண்டு, கடமை முடிந்தது என்று கண்ணயர்ந்தது.

ஸ்லைடுகளைச் சரிபார்க்க ஒரு குழு போடப்பட்டது. அதன் பெயர் திரைத் தரக் குழு. அதற்குத் தலைவராக வந்தவன் வேறு யாருமில்லை, ஏன் சாருடைய மனைவியின் தம்பி. படித்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு இந்தக் கல்லூரியில் வேலை வாங்கிக் கொடுத்ததே ஏன் சார்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பிற்பாடு அவர் பல தடவை நினைத்துக்கொண்டார்.

மச்சான் கெட்டவன் அல்ல. சுறுசுறுப்பானவன். அதுதான் தொல்லை. ஒரே மாதத்தில் எல்லாப் பாடங்களிலிருந்தும் 'ஏனென்றால்', 'ஆனால்', 'ஆகவே', 'ஒருவேளை' போன்ற சொற்களைக் களைந்துவிட்டான்.

"அதெல்லாம் இடத்தை அடைக்குது அத்தான்" என்று விளக்கினான். "கம்பி துருப்பிடிக்கும், ஏனென்றால் ஈரம்னு போட்டிருக்கீங்க. கம்பி, துரு, ஈரம். மூணு பாயிண்ட். அம்சமா உட்காருது பாருங்க."

"எதனால எது வந்துச்சுன்னு பிள்ளைகளுக்கு எப்படிடா தெரியும்?"

"மூணும் ஒரே ஸ்லைடுலதானே இருக்கு? அவங்களே சேர்த்துக்குவாங்க."

அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பருவத் தேர்வில், துரு பிடிப்பதால்தான் காற்றில் ஈரம் உண்டாகிறது என்று வகுப்பில் பெரும்பாலோர் எழுதினார்கள். ஒருவன் கல்லூரியின் சின்னத்தையும் விடைத்தாளின் வலது மூலையில் வரைந்திருந்தான். ஸ்லைடில் அது அங்கேதான் இருக்கும். அதற்கு மதிப்பெண் உண்டா என்று ஏன் சார் கேலியாகக் கேட்கப் போக, குழு கூடி விவாதித்து, உண்டு என்று பதில் அனுப்பியது.

அடுத்தடுத்து வந்த செய்திகளைக் கேட்டு ஆசிரியர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் குறித்துக்கொண்டார்கள். வேதியியல் ஆசிரியருடைய கணினி ஒரு நாள் தவறுதலாகக் கடைசி ஸ்லைடில் திறந்தது. அதில் 'நன்றி' என்று இருந்தது. மாணவர்கள் படம் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு துறையில் ஆசிரியர் காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. ஸ்லைடுகள் தாமாக ஓடும்படி விட்டிருந்தார்கள். அந்த வாரம் மாணவர்கள் அவருக்குக் கொடுத்த மதிப்பீடு முன்னெப்போதும் இல்லாத அளவு உயர்ந்திருந்தது. உடம்பு தேறி வந்தவரை இயக்குநர் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் மறுபடி காய்ச்சலில் படுத்தார்.

ஏன் சார் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறவர். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தானும் மூன்று மூன்று வார்த்தையாகப் பாடம் நடத்திவந்தார். அப்படி ஒரு நாள் பெரிய அரங்கில் விளக்கணைத்துப் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது, சலிப்பில் அண்ணாந்து பார்த்தார். திரை வெளிச்சத்தில் தலைக்கு மேலிருந்த கான்கிரீட் விட்டம் தெரிந்தது. தூணோடு சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

விட்டத்தின் நடுவில் மயிரிழைபோல் நெட்டுக்குத்தாக விழும் விரிசல்கள் பல கட்டடங்களில் உண்டு. அவற்றோடு பல காலம் குடித்தனம் நடத்தலாம். தூணருகே சாய்வாக விழுவது வேறு சாதி. அது விழுந்த விட்டம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிடும். ஏன் சார் பாடத்தை நிறுத்தினார். விளக்கைப் போட்டார்.

"மேலே பாருங்க. என்ன தெரியுது?"

வகுப்பு முழுவதும் திரையின் மேல் பகுதியைப் பார்த்தது.

"தலைப்பு, சார்" என்றான் முன்வரிசைப் பையன்.

அன்று மாலையே ஏணி போட்டு ஏறி, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். விரிசல் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும், வளர்ந்தால் உடையும். பழைய முறை, பொய் சொல்லாத முறை. சில நாளில் கண்ணாடி இரண்டாக நின்றது. கூரைக்கு ஏறிப் பார்த்தார். அரங்கைக் குளுகுளுவென்று வைத்திருக்க, தன் எடையை மட்டும் சுமக்கக் கட்டிய கூரையின்மேல் யானைக்குட்டிகள்போல் குளிரூட்டும் இயந்திரங்களை வரிசையாக ஏற்றியிருந்தார்கள். திரை வந்த கையோடு வந்த இயந்திரங்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் அங்கே உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க ஓடிப் போய் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப முக்கியமான விஷயம். ஸ்லைடாப் போட்டு அனுப்புங்க."

"சார், மேலே வந்து ஒரு தடவை கண்ணால பாருங்க. ரெண்டு நிமிஷம்."

"நான் பார்த்தா அது ஒரு மனுஷனோட அபிப்பிராயம். ஸ்லைடுல வந்தாதான் அது தகவல்."

ஏன் சார் இரவு உணவைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினார். 'அரங்கின் விட்டத்தில் தூணருகே சாய்வான விரிசல் விழுந்திருக்கிறது. ஒட்டிய கண்ணாடி உடைந்துவிட்டதால் விரிசல் வளர்கிறது என்று தெரிகிறது. கூரைமேல் ஏற்றிய இயந்திரங்களே காரணம். ஆகவே அவற்றை இறக்கும்வரை அரங்கில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது.' இதில் ஒரு சொல்லை எடுத்தாலும் கட்டடமே சரிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

மச்சான் மறுநாள் வீட்டுக்கே வந்தான். அவர் எழுதிக் கொடுத்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி வந்திருந்தது. கணினியைத் திறந்து காட்டினான்.

• விட்டம்: வளர்ச்சி
• கண்ணாடி: உடைந்தது
• இயந்திரங்கள்: மேலே

"விரிசல் எங்கேடா?"

"அது எதிர்மறைச் சொல் அத்தான். குழு விதியில இடமில்லை. 'விரிசல் வளர்கிறது'ன்னு நீங்க எழுதினதுல நல்ல வார்த்தை ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டேன்."

"யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு எழுதினேனே!"

"அது நாலாவது பாயிண்ட். நாலு கிடையாதே."

அவனுடைய அக்கா அதுவரை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்.

"ஏண்டா, மருந்துச் சீட்டுல 'வலி இருந்தா மட்டும்'னு டாக்டர் எழுதறார். அதை இடம் போதலைன்னு எடுத்துட்டா என்னடா ஆகும்?"

"மாத்திரைன்னு பெரிசாப் போட்டுக்கலாம்க்கா" என்றான் தம்பி. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கூடப் பிறந்தவனாயிற்றே.

மேலாண்மைக் கூட்டத்தில் அந்த ஸ்லைடு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடியது. விட்டத்தில் வளர்ச்சி என்றதும் மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இயந்திரங்கள் மேலே என்ற வரிக்குப் பக்கத்தில் மச்சான் மேல்நோக்கிய பச்சை அம்பு ஒன்றை வைத்திருந்தான். உடைந்த கண்ணாடிதான் எல்லாரையும் உறுத்தியது.

"புதுக் கண்ணாடி வாங்கிடலாம்" என்றார் கொள்முதல் அதிகாரி. "நல்ல கனமானதா, உடையாததா."

"கண்ணாடி உடைஞ்சதுதான் சார் செய்தியே!" என்று எழுந்தார் ஏன் சார்.

"கேள்விகள் கடைசி ஸ்லைடுல" என்றார் இயக்குநர். கடைசி ஸ்லைடு வந்தது. 'கேள்விகள்?' என்று அழகாகச் சுழன்று, ஏன் சார் வாயைத் திறப்பதற்குள் மறைந்தது.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் ஏன் சார் விடவில்லை. அரங்கு வாசலில் கையால் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்: 'உள்ளே போகாதீர்கள், ஏனென்றால் விட்டம் விழலாம்.' அங்கீகரிக்கப்படாத எழுத்துரு என்று அதைக் கழற்றினார்கள். தன் வகுப்பை வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். திரையில்லா இடத்தில் பாடம் நடத்தியதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இன்னொரு ஓலை வந்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று மச்சான் காதில் போட்டான். வயிறு ஒரு பக்கம், விட்டம் ஒரு பக்கம். ஏன் சாருக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது: மாணவர்கள் சுயமாகச் சிந்திப்பதில்லை என்று வெளியே பேச்சு அடிபடுவதால், விமர்சனச் சிந்தனைப் பயிற்சி முகாம். எல்லா மாணவர்களும் கட்டாயம் வர வேண்டும். இடம்: பெரிய அரங்கு.

அன்று அரங்கில் எள் போட்டால் எள் விழாது. இயக்குநரே பயிற்சி நடத்தினார். மச்சான் மேடையோரம் கணினிமுன் உட்கார்ந்திருந்தான். ஏன் சார் கதவருகே நின்று, திரையை விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். விரிசலுக்குள் இப்போது பென்சிலை நுழைக்கலாம்.

திரையில் எழுத்து வந்தது: 'எதையும் கேள்வி கேளுங்கள்.'

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்றார் இயக்குநர்.

"எதையும் கேள்வி கேளுங்கள்!" என்று அரங்கமே முழங்கியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த முழக்கம் அடங்கும்போது மேலே ஏதோ நெரிந்தது. கான்கிரீட் பொடி ஏன் சாரின் தோளில் உதிர்ந்தது. அவர் கத்தினார்: "எழுந்திருங்க! எல்லாரும் வெளியே போங்க! விட்டம் விழப் போகுது!"

சில தலைகள் திரும்பின. முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உடனே அரங்கம் முழுவதும் கைதட்டியது. பயிற்சியில் இது ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

"அருமை! இதுதான் விமர்சனக் குரல்" என்றார் இயக்குநர். "ஆனா இதுக்குன்னு கடைசியில நேரம் ஒதுக்கியிருக்கோம்."

ஏன் சார் ஒருவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "சார், ஸ்லைடு மறைக்குது" என்றான் அவன். மறுபடி நெரிந்தது. இந்த முறை சத்தம் நீண்டது. ஏன் சாருக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. மேடையில் ஏறி மச்சானை நாற்காலியோடு தள்ளினார். கணினியில் தட்டினார்.

• எழுந்திருங்கள்
• வெளியே செல்லுங்கள்
• ஓடாதீர்கள்

அரங்கமே கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தது. பிறகு எழுந்தது, வெளியே சென்றது, ஓடவில்லை. இயக்குநரும் திரையை ஒரு தடவை படித்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"சின்னம் போடலையே அத்தான்!" என்று தரையிலிருந்து கத்திய மச்சானைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தவர் ஏன் சார். அவர்கள் படியிறங்கியதும் விட்டம் இறங்கியது. அதன்மேல் கூரை, கூரையோடு இயந்திரங்கள். திரை இருந்த இடத்தில் புழுதி எழுந்து வாசல்வரை வந்தது.

ஏன் சார் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்தில் மச்சானும் அழுதான். அவன் கணினியும் உள்ளே போயிருந்தது.

மறுநாள் பேட்டி கொடுத்த இயக்குநர் சொன்னார்: "ஒரு மனுஷன் கத்தினார், யாரும் அசையலை. ஒரு ஸ்லைடு சொல்லுச்சு, அத்தனை உயிரும் பிழைச்சுது. வாயால பாடம் நடத்தணும்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" ஏன் சாருக்குச் சிறந்த ஸ்லைடுக்கான கேடயம் அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது.

கேடயம் வாங்கப் போனபோது அவர் இயக்குநரிடம் கெஞ்சினார். "சார், பக்கத்துல சின்ன அரங்கு இருக்கு. ரெண்டையும் ஒரே கையால, ஒரே அளவுல கட்டினாங்க. அதுக்கு மேலேயும் இதே இயந்திரங்கதான் உட்கார்ந்திருக்கு. அதையாவது..."

"அதுல விரிசல் இருக்கா?"

"கண்ணுக்குத் தெரியற மாதிரி இன்னும் இல்லை."

"இல்லாத விஷயத்துக்கு ஸ்லைடு போட முடியாது" என்றார் இயக்குநர், கேடயத்தைப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பியபடி.

அந்தச் சின்ன அரங்கில்தான் மாத மதிப்பாய்வு நடந்தது. பெரிய அரங்கு இல்லாததால், பெரிய அரங்கின் கூட்டமும் அதிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தது. விழுந்த அரங்கைப் பற்றி 'விட்டம்' என்ற வரி திரையில் வந்தது. அதன் எதிரே நிலை: 'விரிசல் இப்போது இல்லை.' பக்கத்தில் பச்சை நிறம். கைதட்டல் எழுந்தது. இயக்குநர் தலை வணங்கி ஏற்றுக்கொண்டார்.

ஏன் சார் எழப் போனார். அதற்குள் நடுவரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். மூன்றாம் ஆண்டு, அவருடைய வகுப்புதான். அவள் வாய் திறந்து அவர் பார்த்ததில்லை. கைப்பேசி அவள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"சார், ஒரு கேள்வி."

"கேள்விகள் கடைசி ஸ்லைடுலம்மா."

"அதுவரைக்கும் தாங்குமான்னுதான் கேள்வி, சார். அந்த அரங்கு மேலே இருந்த பாரத்தாலதான் விழுந்துச்சுன்னா, இதையும் அதே மாதிரிதானே கட்டியிருக்காங்க, இதுக்கு மேலேயும் அதே பாரம்தானே இருக்கு, அப்படின்னா இதுவும் ஏன் விழாது?"

இயக்குநர் புன்னகைத்தார். "நல்ல முயற்சி. ஆனா ரொம்ப நீளம். மூணு பாயிண்ட்டாப் பிரிச்சுச் சொல்லு."

"பிரிச்சுப் பார்த்தேன் சார். மூணு மூணாத் தனியா நிக்குது. பயமே வரலை." அவள் மேலே கூரையைப் பார்த்தாள். "சேர்த்துப் பார்த்தாதான் பயமா இருக்கு."

இத்தனை ஆண்டு கத்தியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் என்று ஏன் சார் நினைத்தார்.

இயக்குநர் அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பொத்தானை அழுத்தினார். 'சாதனைகள்' என்று திரை மின்னியது. யாரும் கைப்பேசியை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த ஒருத்தி அண்ணாந்து மேலே பார்த்தாள். அவள் பக்கத்திலிருந்தவன் பார்த்தான். பிறகு அந்த வரிசை, அதற்குப் பின்வரிசை. கொள்முதல் அதிகாரி பார்த்தார். மச்சான் கணினியை விட்டுக் கையை எடுத்துவிட்டு, வாயைப் பிளந்தபடி பார்த்தான். அரங்கம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையைப் பார்க்க ஆளில்லாமல் போனது.

மேடையில் தனியாக நின்ற இயக்குநரும் கடைசியில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். சரியாக அவர் தலைக்கு நேர்மேலேதான் விட்டம் ஓடியது.

அன்று அந்த அரங்கிலிருந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். ஓடித்தான் வந்தார், எந்த ஸ்லைடும் அவரைப் போகச் சொல்லவில்லை.